மேல்தாடைக்கு ஒரு சாரம்

ஜனவரி 9
"அக்கா, பல் செட்டை மாத்திக்கங்க. 'ச' வர்றப்பெல்லாம் விசிலடிக்குது." ஒலிப்பதிவுப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். பேருந்துக் கம்பியில் மோதி என் மேல்வரிசை முன்பற்கள் போய்ப் பல வருடமாகிறது. செட் இத்தனை நாள் ஒட்டியிருந்ததே பெரிது. மாலையில் வானொலி நிலைய இயக்குநர் கூப்பிட்டார். காலைச் செய்தி இனி வேறொருவருக்கு. எனக்கு நிகழ்ச்சிப் பட்டியல் மேசை. "சரி சார்" என்றேன். அந்தச் 'சரி'யும் விசிலடித்தது.

ஜனவரி 20
ஸ்கேன். பல்லைத் தாங்க வேண்டிய எலும்பு கரைந்து கத்தி விளிம்பாய் நிற்கிறது. செயற்கைப் பல்லுக்குத் திருகு இறக்க இடமில்லை. என் தாடை அளவுக்கே டைட்டானியத்தில் வலைக்கூடு செய்து, உள்ளே எலும்புத்தூள் நிரப்பி, ஈறுக்குள் வைப்பார்களாம். "சாரம் கட்டற மாதிரிம்மா. எலும்பு வளர்ந்ததும் பிரிச்சிடலாம்," என்றார் பல் மருத்துவர். ஈறு பிளந்துகொண்டால் பாதியிலேயே எடுக்க நேரலாம் என்றும் சொன்னார்.

பிப்ரவரி 12
அறுவை முடிந்து முகம் பூசணிக்காய். பேசக்கூடாது. வீட்டில் என் கணவர் — இவர் — கஞ்சி ஊற்றிக்கொண்டே போக, கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினேன் — நிறுத்து. இவர் அப்படியே நின்றார். பிறகு விரலைச் சுழற்றினார் — இன்னும் கொஞ்சம் ஓட்டு.

கல்யாணத்துக்கு முந்தைய அந்த ஒலிப்பதிவுக் கூடம்! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு இவர். இந்தப் பக்கம் செய்தித் தாள்களோடு நான். பேச்செல்லாம் கைஜாடைதான். ஒருநாள் செய்தி முடிந்ததும் தன்னைக் காட்டி, என்னைக் காட்டி, புருவத்தைத் தூக்கினார். டீ குடிக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். மறுநாள் இவர் அம்மா எங்கள் வீட்டில், தாம்பூலத் தட்டோடு.

ஏப்ரல் 2
ஈறு ஓரத்தில் உலோகம் மின்னுது. போச்சா? எல்லாம் போச்சா? இந்த வயசுல இதெல்லாம் எனக்குத் தேவையா — பேசாம அந்த மேசையிலயே உக்காந்திருக்கலாம்.

ஏப்ரல் 3
இப்போதைக்கு எடுக்க வேண்டாமாம். கூரான ஓரத்தை மட்டும் மருத்துவர் தேய்த்துவிட்டார். மருந்துத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மே 30
மூடவில்லை. பெரிதாகவும் இல்லை.

ஆகஸ்ட் 11
பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தைய என் குரல். 'ழ' என்ன சுத்தம்! எனக்குத் தாங்கவில்லை, எழுந்துவிட்டேன். இவர் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். "மூச்சு வாங்கற எடம் இன்னைக்கும் அதேதான்," என்றார்.

அக்டோபர் 17
கூட்டைப் பிரித்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் குறைவு. மற்ற இடமெல்லாம் எலும்பு. என் எலும்பு! அப்போதே திருகுகளையும் இறக்கிவிட்டார்கள். வீடு வரும்வரை இவர் என் கையை விடவில்லை.

மார்ச் 5
நிரந்தரப் பல். நாக்கு, புது வீட்டில் இருட்டில் நடப்பதுபோல் முட்டிக்கொள்கிறது.

மார்ச் 22
குரல் சோதனை. இரண்டாம் வரியில் தடுக்கினேன். மறுபடி வாசிக்கக் கேட்டேன், விட்டார்கள்.

மார்ச் 29
நாளையிலிருந்து காலைச் செய்தி, வாரத்தில் இரண்டு நாள். விடியுமுன் கிளம்ப அலாரம் வைத்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து எட்டு மணிக்கு முன் எழுந்தறியாத இவரும் தன் போனில் ஆறேகாலுக்கு வைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்றேன்.

"ரேடியோ போட வேணாமா?"