நிழல் இருக்கிறது என்றீர்கள்

காட்டை அழித்துப் புதிய அடுக்குமாடி வீடுகள் கட்டுவதை நான் எதிர்க்கிறேன் என்று நம் புளோக்கில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

இன்று காலை கீழே காப்பிக்கடையில், மண் சோதனைக்கு வந்த ஆட்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய காலணிகளிலிருந்து ஈரச் செம்மண் வாசனை வந்தது. அன்று மாலை உங்கள் கால்சட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அதே வாசனை. காப்பியைக் குடிக்காமலேயே எழுந்து வந்துவிட்டேன்.

செம்பவாங்கில் அந்தக் காடு இருக்கும் இடம் பழைய இடுகாடு என்பது இப்போது பலருக்குத் தெரியாது. கப்பல் பட்டறைக் குடியிருப்பில் நாம் இருந்த காலத்தில், பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட நம் மகளை நீங்கள் அங்கேதான் கொண்டுபோனீர்கள். பச்சைக் குழந்தையை எரிக்கமாட்டார்கள், கல்லும் வைக்கமாட்டார்கள். "பொம்பளைங்க அங்க வரக்கூடாது" என்று உங்கள் அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் திரும்பி வந்து, பின்பக்கக் குழாயில் குளித்தீர்கள். துண்டை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்காமல், "நல்ல இடம்தான். நிழல் இருக்கு" என்றீர்கள்.

அதற்குமேல் நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மல்லிகை வாங்கிக்கொண்டு தனியாகப் போவீர்கள். வெறுங்கையோடு வருவீர்கள். நான் சோறு போடுவேன். நீங்களும் போய்ச்சேர்ந்தபின் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் போகவில்லை.

அங்கே வீடு கட்டுவதைப் பற்றிச் சமூக மன்றத்தில் கூட்டம் வைத்தார்கள். பறவைகள் போய்விடும் என்றார் ஒருவர். சாலை நெரிசலைப் பற்றி இன்னொருவர் பேசினார். நான் எழுந்து நின்றேன். கேள்வியை எழுந்து நின்று, முழு வாக்கியமாகக் கேட்கவேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கியிருந்தார்கள். "அங்கே புதைக்கப்பட்ட குழந்தைகளை" என்று தொடங்கியதுமே பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் குறுக்கிட்டார்.

"ஆன்ட்டி, உங்களுக்கு வீடு இருக்கு லா. நாங்க எத்தன வாட்டி வீட்டுக் குலுக்கல்ல பேலட் போட்டும் கிடைக்கல. கல்யாணமே தள்ளிப்போவுது."

"நான் வீடு வேணாம்னு சொல்லலையே தம்பி. வாக்கியத்த முடிக்க விடுங்க."

அந்தக் குழந்தைகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டு முடித்தேன். தமிழ் அதிகாரி ஒருவர் பணிவாகத்தான் பதில் சொன்னார். "கல் இல்லாத இடத்த குடும்பத்துல யாராவது காட்டினா, முறைப்படி தோண்டி எடுத்துக் கொடுப்போம் மேடம். எந்த இடம்னு தெரியுமா?"

எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நான் உட்கார்ந்ததை நீங்கள் பார்த்ததில்லை. அன்று உட்கார்ந்தேன். அதைத்தான் கோபித்துக்கொண்டேன் என்கிறார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஜமீலா குடையோடு வந்து நின்றாள். "வாங்கக்கா, போய்ப் பாத்துடலாம். பாம்பு வந்தா உங்க கான்வென்ட் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த திட்டுங்க, ஓடிடும்." சிரித்துக்கொண்டேதான் போனோம். உள்ளே லாலான் புல் இடுப்பளவு நின்றது. பார்த்த பக்கமெல்லாம் மரம். உங்கள் வார்த்தையை அவளிடம் சொன்னேன். அவள் மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, இங்க எல்லா இடத்துலயும் நிழல்தானே இருக்கு?"

பிறகு அவளே கைகளை ஏந்தி, அங்கிருந்த எல்லாருக்குமாக துஆ கேட்டாள். நான் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன். பெற்றவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தம்பிக்கு வீடு கிடைக்கட்டும். கட்டட்டும். ஆனால் இயந்திரம் அவள்மேல் ஏறுவதற்கு முன் நான் அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எந்த மரத்தடியில் வைத்தீர்கள்? கனவில் வந்து சொல்லவேண்டாம், விழித்ததும் மறந்துவிடுகிறேன். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.