நீலச் சட்டை

12, திங்கள்

இல்லை, வெளிநாடு மாதிரியே இல்லை. அதுதான் எரிச்சல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் பத்து மணித்தியாலம். கொழும்பிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஒன்று. இறங்கினால் அதே புழுக்கம், அதே தென்னை. மூட்டம். மழை இல்லை.

விமானம் தாழ்ந்தபோது கடலோரம் பெரிய கிரேன்கள். பக்கத்து இருக்கைக்காரர்: “விழிஞ்ஞம் துறைமுகம். பெரிய கப்பல் எல்லாம் இனி கொழும்புக்குப் போகாது, கேட்டோ. இங்கதான்.” என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

தம்பானூர், லாட்ஜ். வரவேற்பில் இருந்தவன் என் தமிழைக் கேட்டு, “நாகர்கோவிலா?” சிரிப்பு. கடவுச்சீட்டை வைத்தேன். சிரிப்பு போயிற்று.

“ஸ்ரீலங்காவாணோ? ஃபாரினர்னா போலீஸ் சைட்ல ஏத்தணும். இவிடெ பற்றில்லா, சேச்சி.”

பக்கத்து லாட்ஜ். அதே. மூன்றாவதிலும் இடமில்லை.

நான் பேச வந்திருக்கும் கருத்தரங்கை நடத்தும் தமிழ் மன்றத்தின் செயலாளர் சண்முகம் ஆட்டோவில் வந்தார். ஆரியசாலையில் மொத்த மளிகை வியாபாரம். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி, அவருக்கு எல்லாரும் ‘மக்களே’.

“எதுக்கு மக்களே எடுத்தவுடனே பாஸ்போர்ட்ட நீட்டுன? ஆதார் வீட்ல இருக்குன்னு சொல்லியிருக்கலாம்லா.”

என்னிடம் ஆதார் இல்லை என்றேன்.

“அது எனக்குத் தெரியும்லா.”

இப்போது அவருடைய கடைக்கு மேலே ஓர் அறை. போலீஸ் படிவத்தை அவர் மகள் கார்த்திகா செல்பேசியில் நிரப்பினாள். கீழே வற்றல் மிளகாய் மூட்டைகள். இதை எழுதும் நேரத்தில் ஒன்பது தும்மல்.

13, செவ்வாய்

கட்டுரையை நான்கு தடவை உரக்க வாசித்தேன். தந்திருப்பது இருபது நிமிடம். பத்தொன்பதில் முடிகிறது. ‘வலிகாமத்துக் கிணறுகளில் உவர் ஏறுதல்’. இரண்டு வருஷம். வாளி, கயிறு, போத்தல், வெயில்.

பேராசிரியர் வருகிறார். (இனி பே.) இங்கே முனைவர் பட்டத்துக்கு என்னை எடுப்பதா என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும். மின்னஞ்சலில் ஒரே வரி: முதலில் உங்கள் உரையைக் கேட்கிறேன். மற்ற இடங்களுக்கு எழுதியவற்றுக்குப் பதிலே இல்லை. ஆகவே, நாளை.

நகரம்:
— தமிழில் விலை கேட்டால் தமிழில் பதில். பேரம் மலையாளத்தில்.
— குடிக்கத் தரும் தண்ணீர் இளஞ்சிவப்பு. சூடு. பதிமுகப் பட்டையாம். மாதிரி எடுக்கப் போத்தல் கொண்டுவரவில்லை.
— எந்த ஊர் என்று சொன்னதும் எல்லாரும் தலையைச் சாய்க்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்ப்பதுபோல.

கார்த்திகா அப்பாவிடம் மலையாளத்தில் சண்டை, அம்மாவிடம் தமிழில். என்னிடம்: “அக்கா, யுத்தம் எல்லாம் நேரிட்டுப் பாத்திருக்கீங்களா?”

அந்தக் கடைசி மாதங்களில் எனக்குப் பத்து வயது, எங்கள் ஊர்ப்பக்கம் சண்டை இல்லை, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

செல்வியக்கா அழைத்தார். பக்கத்து வீடு. போர் முடிந்தபின் வன்னியிலிருந்து தாயுடன் வந்து குடியேறியவர். நான் புறப்பட்டதிலிருந்து தினமும் அழைக்கிறார். “சாப்பிட்டனியே பிள்ளை? அங்கத்தைச் சனம் நல்லமே?” நல்லம் என்றேன். தும்மினேன்.

14, புதன்

வெயில். பத்து மணிக் கருத்தரங்கு பதினொன்றேகாலுக்கு. தலைப்பு: தமிழர் நிலமும் நீரும். விளக்கு. வாழ்த்து. பொன்னாடை. பொன்னாடை போட்டவருக்கும் ஒரு பொன்னாடை. என் முறை வந்தபோது ஒன்று இருபது. கீழே சாம்பார் மணம். பே. முன்வரிசையில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

அண்ணாச்சி என் காதருகில்: “கிணறு இருக்கட்டும் மக்களே. அஞ்சு நிமிசம். ஒங்க கஷ்டத்தச் சொல்லு. சனம் அதுக்குத்தான் உக்காந்திருக்கு.”

“பேராசிரியர் கட்டுரையைக் கேட்கத்தானே…”

“அவரும் அதத்தான் சொல்லச் சொன்னாரு.”

ஒலிவாங்கி. மிளகாய் அறையில் மூன்றாம் நாள். கண் இரண்டும் சிவப்பு. கைக்குட்டையால் துடைத்தேன். மண்டபம் சட்டென்று அடங்கியது. யாரோ ஒரு பெண், “பாவம்.”

சொன்னேன். எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்று.

போர் முடிந்தபோது இராணுவச் சோதனை முடிந்து அவனைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலால் கை காட்டினான். நீலச் சட்டை. பிறகு ஒரு தகவலும் இல்லை. கிராம அலுவலர் வீட்டாள் கணக்கு எடுக்க வரும்போதெல்லாம் அம்மா அவன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்.

நான் ஒற்றைப் பிள்ளை. அந்த அண்ணன் செல்வியக்காவுடையவன். அந்த அம்மா அவருடைய அம்மா. நீலம் மட்டும் என்னுடையது. சட்டை என்ன நிறம் என்று அவர் சொன்னதில்லை. மேடையில் ஒரு நிறம் தேவைப்பட்டது.

நான்கு நிமிடம். அழுதார்கள். பரீட்சைக் கதை தெரிந்த கார்த்திகாகூட.

பந்தியில் பே.: “இதாம்மா ஆராய்ச்சி. கிணத்த எவனும் அளப்பான். தலைப்ப மாத்திடுங்க. காணாமல் போனவங்க குடும்பங்கள். சீட்டு உங்களுக்குத்தான். இப்ப பேசினத அப்படியே எழுதி அனுப்புங்க, கருத்தரங்கு மலர்ல முதல்ல போடறேன்.”

நன்றி சார் என்றேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.

15, வியாழன்

தூறல். எழுதிவிட்டேன். பேச்சைவிட எழுத்தில் நன்றாக வந்திருக்கிறது. அனுப்பவில்லை.

அண்ணாச்சி மாடி ஏறி வந்தார். “வீடியோ போட்டாச்சு மக்களே. ஒங்க ஊரு குரூப்பு வரைக்கும் போயிருக்கு. எல்லாவனும் அழுதுட்டுக் கெடக்கான்.”

எடுத்துவிடச் சொன்னேன்.

“எதுக்கு? நல்ல காரியம்லா.”

காரணம் தொண்டை வரை வந்தது. தும்மினேன். “இந்த மிளகா ஒன்னப் படுத்துது” என்று இறங்கிப் போனார்.

துணி மடித்தேன். பொன்னாடை பையில் அடங்கவில்லை. கிணற்றுக் கட்டுரையை எடுத்து வெளியே வைத்தேன். அடங்கியது.

செல்வியக்கா இன்று அழைக்கவில்லை.

16, வெள்ளி

விமான நிலையம். மழை. கார்த்திகா வந்து விட்டுப் போனாள். கட்டிப்பிடித்தாள். “அண்ணன் வந்துருவாரு அக்கா. நான் பிரார்த்திக்கிறேன்.” தலையாட்டினேன்.

உள்ளே வந்தபின் செல்வியக்காவின் குரல்செய்தி. வசவுக்குத் தயாராக இருந்தேன். பின்னணியில் கோழி. கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம்.

“பிள்ளை, வீடியோ பாத்தனான். அம்மாவுக்கும் காட்டினனான். வடிவாத்தான் சொன்னனீ. ஆனா அவன் நீலச் சட்டை போடேல்லை. வெள்ளையில பச்சைக் கோடு. அம்மா தைச்சது. கவனமா வா.”

அவ்வளவுதான். மூன்று தடவை கேட்டேன். வேறு எதுவும் இல்லை.

ஏறுவதற்கு இன்னும் நாற்பது நிமிடம். மடிகணினியைத் திறந்தேன். பே.க்கு எழுதி வைத்திருந்ததில் ‘நீலச் சட்டை’ என்று இருந்த இடத்தில் ‘வெள்ளையில் பச்சைக் கோடு போட்ட சட்டை, அம்மா தைத்தது’ என்று மாற்றினேன். அனுப்பினேன்.