நோட்டீஸில் யார் படம்

பெண் வேட்பாளர் ஒருவர் குறைகிறார் என்று கட்சிக்காரர்கள் சொன்னதும், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் அழகர் தன் மனைவி ஜெயலெட்சுமியைக் கேட்காமலே பிரதேச சபைத் தேர்தலுக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். நேற்று நோட்டீஸ் அச்சாகி வந்தது. இன்று காலை அதன் பின்பக்கத்தில் எழுதி, மேசைமேல் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள்.

“துஷாந்தினி அப்பாவுக்கு,

ரொட்டி மூடி வச்சிருக்கு. சம்பல் நீங்களே அரைச்சுக்கங்க. பத்து மணிக்குக் கட்சி ஆளுங்க வருவாங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுங்க. சீனி எங்கன்னு தேடுங்க, இருவது வருஷமா இருக்கிற வீடுதானே.

நோட்டீஸ்ல ஒங்க படம் முழுசா இருக்கு. என் படம் தபால் முத்திரை அளவு. எலெக்‌ஷன் கேக்குறது யாருங்க? ‘நீ சும்மா நில்லு, நான் பேசிக்கிறேன்’னீங்க. பேசுனதப் பாத்தேனே! பொம்பளைங்க தண்ணிப் பைப்பு கேக்குறாங்க, நீங்க மாலைக்குக் கழுத்த நீட்டுறீங்க.

கீழ் லயத்து வீடுகளுக்கு நானே போறேன். பின்னால வந்துறாதீங்க.”

அடியில் இடுக்கி எழுதியிருந்தாள்: “பிரஷர் மாத்திரைய மறக்காதீங்க. சாப்பிட்டப்புறம்.”

அழகர் இரண்டு தடவை படித்தார். பத்து மணிக்கு வந்தவர்கள், “வேட்பாளர் எங்கண்ணே?” என்றார்கள்.

“ஓட்டுக் கேக்கப் போயிருக்காங்க,” என்றார். மனைவியை அவர் மரியாதையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.