மாத்திரை ஒட்டாத இடம்

என் செல்ல அண்ணனுக்கு,

நீ கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சொல்லத்தான் நீ இல்லை.

காசநோய் ஆறிய உன் நுரையீரலில் பூஞ்சணம் குடியேறி, அதற்கான மாத்திரைக்கும் அடங்காதபோது, நம் ஊர் நல்லவாட்டில் எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். கடலுக்குப் போனால் மாத்திரை போட மறந்துவிடுகிறான் என்று. டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். அண்ணி உன் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள். "போட்டுட்டேன்டி, இன்னும் இன்னா பண்ணணும்?" என்பாய். ரத்தமாய் இருமிய அன்றுகூட அவள் உன்னை நம்பவில்லை.

ஒருநாள் தவளக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டாய்.

"பூஞ்சணம் தன் தோலைக் கட்டிக்க ஒரு புரதம் வச்சிருக்குண்ணே. அதுக்கு நடுவுல இரும்பு, நம்ம ரத்தத்துல இருக்கறாப்பல. உன் மாத்திரை உள்ள போயி அந்த இரும்பப் புடிச்சிக்கும். அப்பறம் அது செத்துடும்."

"அப்ப ஏன் சாவல?"

பஸ் வந்துவிட்டது.

நீ போன பிறகு, உன் சளியில் வளர்ந்த பூஞ்சணத்தை வைத்தே அந்தப் புரதத்தைத் தயாரித்தேன். படிகமாக உறையவே மாட்டேன் என்றது. எத்தனை முறை கொட்டிக் கழுவினேனோ. கடைசியில் செங்காவி நிறத்தில் ஊசி ஊசியாய் உறைந்தது. எக்ஸ்ரே கதிரில் வைத்து அதன் உருவத்தை எடுத்தோம்.

பூஞ்சணம் தோல் கட்ட எடுக்கும் அதன் சொந்தக் கொழுப்பு, இரும்புக்கு எதிரே சொகுசாகப் படுத்திருந்தது. மாத்திரை மருந்தில் ஊறவைத்த படிகத்திலோ, அந்த இடத்தில் வெறும் தண்ணீர். உள்ளே போகும் வழியின் சுவர் ஓரிடத்தில் மாறிப்போயிருந்தது. மருந்து நிற்க இடமில்லை.

நீ போட்டாய் அண்ணே. எல்லாவற்றையும் போட்டாய். அது போய் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப அவரு பொய் சொல்லலியா?"

"இல்ல அண்ணி."

"வேற மருந்து இருந்துதா?"

"ஊசி ஒண்ணு இருக்கு. அண்ணன் ஒடம்பு தாங்கியிருக்காது."

கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டாள். அப்புறம் சொன்னாள்: "இத ஏன் சுமதி எங்கிட்ட சொன்ன? மாத்திரை போடாம செத்தாருன்னு கோவமாவாச்சும் இருந்தேன். இனிமே இன்னாத்த வச்சிக்கினு இருப்பேன்?"

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. உன் படத்துக்குப் பூ வைக்கிறாளாம். முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லையாம், அம்மா சொன்னாள்.

என் பேராசிரியருக்கு மகிழ்ச்சி. கட்டுரை வரும், அதில் உன் பெயருக்குப் பதில் ஒரு எண் இருக்கும். அந்த இடத்துக்குப் பொருந்துகிற மருந்தை யாராவது செய்வார்களா? எனக்குத் தெரியவில்லை. என் ஆராய்ச்சிக் காலமும் முடிகிறது. உண்மை தெரிந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். யாருக்கு நல்லது அண்ணே?

அண்ணியிடம் இனி இதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். ஆனால் போவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கூட உட்கார்ந்து மீன் கழுவிக் கொடுத்துவிட்டு வருவேன். இது ஒன்றுதான் உனக்கு என்னால் தர முடிந்த வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
சுமதி