ஒரு முனை ஒடுங்கிய சீட்டுக்கட்டு

என் பிரியமான அண்ணனுக்கு,

நீ போய்ப் பதினாறு நாள் ஆயிற்று. அழுது முடிந்தது. இப்போது உன்மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறேன். அந்தச் சீட்டுக்கட்டைத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டுப் பூட்டாமலா போவாய்?

நம் ஊர்ப்பக்கம் சாவு விழுந்த துட்டி வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? மெட்ராஸிலிருந்து தம்பி வந்து சேரும்வரை உன்னைக் கிடத்தியிருந்தோம். பந்தலில் ஆண்கள் பொழுது போகச் சீட்டுக் கேட்டார்கள். மதினி இருந்த இருப்பில் யோசிக்காமல் உன் பெட்டியைக் கைகாட்டிவிட்டாள். கயத்தாறு வேலுச்சாமி அத்தான்தான் கலைத்தார். அடுக்க அடுக்க ஓரம் சேரவில்லை. இரண்டு சீட்டை மாற்றிச் சேர்த்துப் பார்த்தார். ஒரு முனை மயிரிழை ஒடுங்கியிருந்தது.

"இந்தா பாருங்க, கள்ளச்சீட்டுல்லா! மேடையில வித்தை காட்டுனவன் வெளிய இதைத்தான் பண்ணியிருக்கான்."

உன்னைத் தூக்குவதற்கு முன்பே அந்தச் சொல் தெருவைச் சுற்றிவிட்டது. "வித்தை தெரிஞ்சவன் ஆடக் கூடாது" என்று ஒருநாள்கூட யாரோடும் ஆட உட்காராதவன் நீ. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்? நான் போனால் குழாயடியில் பேச்சு நின்றுவிடுகிறது, மதினி வாசலுக்கே வருவதில்லை.

அந்த ஒடுக்கம் எதற்கென்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சத்தியம் வாங்கியிருக்கிறாயே! அதனால் இங்கேயும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தீப்பெட்டி லேபிள் வெட்டுகிற மிஷினில் சீட்டுக்கட்டை வெட்டிவிட்டு, வெட்டு சரியா என்று என் விரலைத்தானே கேட்பாய்? பன்னிரண்டு வருஷம் லேபிள் அடுக்கிய விரல். நூற்றில் ஒன்று கோணல் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடும்.

இன்று உன் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். வேலுச்சாமி அத்தான் முன்னால் போய் நின்றேன்.

"அத்தான், ஒண்ணு எடுங்க."

"ஏட்டி, இன்னைக்குப் போயி என்ன கூத்து இது?"

"எடுங்க. எல்லாருக்கும் காட்டிட்டுச் சொருகுங்க. நீங்களே கலைங்க."

கலைத்தார். வாங்கி, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு தடவை நீவினேன். விரல் நின்றது. எடுத்து முன்னால் போட்டேன். அவர் எடுத்துக் காட்டிய அதே இஸ்பேட் ஏழு!

ஒடுக்கத்தைக் கண்டுபிடித்தவருக்கே ஒன்றும் பிடிபடவில்லை. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குத்தானா வச்சிருந்தான்? தெரியாமப் பேசிட்டேன்" என்றார். பிறகு பொறுக்கமாட்டாமல், "ஏட்டி, இன்னொருக்கா செய்யி பாப்போம்!"

கள்ளச்சீட்டு ஆடுகிறவனை யாராவது இன்னொரு தடவை கேட்பார்களா, அண்ணே? மதினி வாசலுக்கு வந்து நின்றாள். பதினாறு நாளில் முதல் தடவை.

"ஒரே இடத்துல ரெண்டு தடவை செய்யக் கூடாதும்பான் எங்கண்ணன். பங்குனியில கோயில் கொடைக்கு இடைசெவலுக்கு வாங்க. அவன் நின்ன மேடையில நான் நிப்பேன்."

வாய் கொடுத்துவிட்டேன். நீ ஒன்பது வித்தை காட்டுவாய், எனக்குத் தெரிந்தது ஒன்று. பங்குனிக்கு மூன்று மாதம் இருக்கிறது. மீதி எட்டையும் பழகிவிடுவேன். மைக்கில் உன் பெயரைச் சொன்ன பிறகுதான் மேடை ஏறுவேன். முன்வரிசையில் அத்தான் இருப்பார்.

பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டேன்.

நீ வெட்டியதைத் தடவிப் பார்த்துச் சரி சொன்ன உன் தங்கச்சி,
செல்லத்தாய்