என் எண் போட்ட சட்டை

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. நான் நலம். நெப்ராஸ்காவில் பனி கொட்டினாலும் கூடைப்பந்துப் பயிற்சி நிற்கவில்லை.

ஒரு வேடிக்கை கேள். அடுத்த ஆண்டு சேருவதற்காகக் கல்லூரியைப் பார்க்க லூசியானாவிலிருந்து ஜாக்வெஸ் என்றொரு பையன் வந்தான். சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. ஆட்டத்தில் நான் நிற்கும் அதே இடத்தில்தான் அவனும் ஆடுகிறான். விளையாடுவதற்காகக் கல்லூரி எனக்குத் தரும் பணத்தைப்போல் இரண்டு மடங்கு அவனுக்குப் பேசியிருக்கிறார்களாம். படம் எடுக்க அவனுக்கு மாட்டிவிட்டது என் எண் போட்ட சட்டை. "சும்மா போட்டோவுக்குத்தாண்டா, மூஞ்சியத் தூக்காத" என்று கோச் ஹால்பர்ட் என் தோளில் தட்டினார்.

சாப்பிடும்போது பையன் சொன்னான்: "கோச் எங்க வீட்டுக்கு வந்தாருண்ணே. எங்கம்மா வறுத்த கோழிய கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. இப்படி ஒரு கைப்பக்குவத்த ஜென்மத்துல பாத்ததில்லன்னாரு."

போன வருடம் என்னைச் சேர்க்க வந்தபோது நம் வீட்டு மேசை முன் உட்கார்ந்து உன் மீன் வறுவலுக்கும் இதையேதானே சொன்னார்? இப்போதெல்லாம் அவர் சிரித்தாலே நான் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

நீ கவலைப்படாதே. அந்த மீன் மசாலா கொஞ்சம் அனுப்பு. கோச் போன் செய்தால் எதற்கும் சரி என்று சொல்லிவிடாதே. பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். என் கட்டிலை மட்டும் தம்பிக்குக் கொடுத்துவிடாதே.

உன் மகன்,
கோர்டெல்