தட்டிப் பார்க்க முடியாத திரை

ஜூலை 8, செவ்வாய்

விடுப்பில் இரண்டாம் நாள். கோட்டுச்சேரி, தம்பி வீடு. ஒன்பது மணிக்கே அனல் காற்று. வாங்க வேண்டியவை: கண் சொட்டு மருந்து, கொசுவலை, பேனா.

நான் வேலை பார்க்கும் அணு ஆராய்ச்சி மையத்திலிருந்து விபத்து அறிக்கை வந்திருக்கிறது. கணினிப் பிரிவின் சார்பில் நான் வெள்ளிக்குள் கையெழுத்து போடணுமாம். "கணினி சரியாக இயங்கியது. ஊழியரின் கவனக்குறைவு." படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

நடந்தது இதுதான். அறையின் கதிர்வீச்சைப் பார்க்கும் கருவியின் கேபிள் கழன்றுவிட்டது. கணினி கடைசியாக வந்த நல்ல அளவையே பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி ஒப்பந்த ஊழியர் சலீம் பாய் கதவைத் திறந்தார். சட்டைப் பையில் இருந்த சின்னக் கதிர்வீச்சுக் கருவி கத்தியது, ஓடி வந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் நுழைவு அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மாலை எங்கள் பிரிவுத் தலைவர் போன்.

"ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையாம்மா? காண்ட்ராக்ட் ஆளுதானே, வேற எங்கயாவது சேந்துக்குவாரு."

பதினாறு வருடம் வேலை பார்த்தவர். ஆளுதானே!

ஜூலை 9, புதன்

பஸ் பிடித்து காரைக்கால். அட்டை போனதும் ஊருக்கு வந்துவிட்ட சலீம் பாய் வீடு. அவர் மனைவி டீ கொடுத்தார், முகம் கொடுக்கவில்லை.

"பச்சையா இருந்துச்சு மேடம். அல்லா மேல ஆணையா பாத்துட்டுதான் போனேன். பழைய முள்ளு மீட்டரா இருந்தா கண்ணாடிய ஒரு தட்டு தட்டியிருப்பேன். முள்ளு ஆடுனா உசுரோட இருக்குன்னு அர்த்தம். கம்ப்யூட்டரத் தட்டுனா நீங்கல்ல திட்டுவீங்க?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'திரையைத் தொடாதீர்கள்' என்று அச்சடித்து ஒட்டியவள் நான்தான்.

ஜூலை 10, வியாழன்

தூக்கம் சரியில்லை. தம்பி செல்போனில் மோட்டாரைப் போட்டுவிட்டு நாற்றங்காலுக்குக் கிளம்பினான். அதான் ஓடுதுன்னு மெசேஜ் வந்துடுச்சே என்றேன்.

"மெசேஜ் வரும்க்கா. தண்ணி வருதான்னு நான்ல பாக்கணும்."

அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்தான்?

பிறகு மடிக்கணினியில் அந்தக் கணினி நிரலின் பழைய மாற்றக் குறிப்புகளைத் தேடினேன். இருந்தது. சிக்னல் விட்டுப்போனால் கடைசி அளவையே காட்டு. மூன்று வருடம் முன்பு. எழுதியது: நான். சிக்னல் விட்டுப்போகும்போதெல்லாம் சும்மா சும்மா மணி அடிக்கிறது என்று எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள், மணியை அடக்கினேன். பாராட்டுகூடக் கிடைத்தது. எப்படி மறந்தேன்? இல்லை, மறக்கவில்லை. அந்தப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன். இரண்டு நாளாகத் தலைவரைத் திட்டுவது எவ்வளவு வசதியாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

காற்று இல்லை. கண் சொட்டு மருந்து இன்னும் வாங்கவில்லை.

அறிக்கையில் சலீம் பாய் பற்றிய வரியை அடித்தேன். அந்த இடத்தில் நிரலையும் என் பெயரையும் எழுதினேன். மாற்றக் குறிப்பை இணைத்தேன். அனுப்பியாயிற்று, 11.10.

11.25க்குப் போன்.

"என்னம்மா இது? உங்க தலையில நீங்களே தூக்கிப் போட்டுக்கிட்டீங்க?"

"மாற்றக் குறிப்புல என் பேருக்குக் கீழ ஒப்புதல் கையெழுத்து ஒண்ணு இருக்கு சார். யாரோடதுன்னு பாருங்க."

அந்தப் பக்கம் மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சலீம் பாயோட அட்டைய எப்ப சார் குடுப்பீங்க?" என்றேன்.